வளர்ப்பு மயில்களுக்குக் கூட்டிடம் அமைத்தல்

கூட்டிடம் என்பது அடைப்புகளில் வளர்க்கப்படும் பெண்மயில்கள் முட்டையிட்டு அடைகாப்பதற்காக அமைத்துத் தரப்படும் மறைவான இடம் ஆகும். இது பொருத்தமாக அமையாவிடின் பெண்மயில் கண்ட இடங்களில் முட்டையிடும். முட்டைகள் உடையக்கூடும், அல்லது அடைகாத்தல் பாதியில் கைவிடப்படலாம்.

இயற்கையில் கூடு

இந்திய மயில் (பாவோ கிரிஸ்டேட்டஸ்) மரத்தில் இரவு தங்கினாலும், பெரும்பாலும் தரையிலேயே கூடமைக்கிறது. புதர் மறைவில் மண்ணைச் சிறிது பறித்து, இலைகளையும் குச்சிகளையும் பரப்பி, பொதுவாக 4 முதல் 8 முட்டைகள் இடும். பெண்மயில் மட்டுமே ஏறத்தாழ 28 நாட்கள் அடைகாக்கும். இனப்பெருக்கக் காலம் இடத்துக்கு இடம் மாறுபடும். தென்னிந்தியாவில் ஏப்ரல்-மே மாதங்களிலும், வட இந்தியாவில் சூன் மாதத்திலும், இலங்கையில் சனவரி முதல் மார்ச் வரையிலும் அது உச்சத்தில் இருக்கும்.

அமைக்கும் முறை

* இடம்: அடைப்பின் அமைதியான மூலையில், மழையும் நேர்வெயிலும் படாதவாறு அமைத்தல் வேண்டும். முன்புறத்தை ஓலைத் தட்டியாலோ செடிகளாலோ ஓரளவு மறைக்கலாம்.
* அளவு: பெண்மயில் உள்ளே திரும்பி அமரும் அளவுக்கு இடம் தேவை. பக்கத்துக்கு ஏறத்தாழ 60 செ.மீ. உள்ள பெட்டியைப் பயன்படுத்தலாம். பழைய வண்டிச் சக்கர உருளிப்பட்டையும் பயன்படும்.
* படுக்கை: அடியில் மண் அல்லது மணலைக் குழிவாகப் பரப்பி, அதன் மேல் உலர்ந்த வைக்கோல் இடப்படும். குழிவு முட்டைகள் உருண்டு சிதறாமல் காக்கிறது. பூஞ்சை பிடித்த வைக்கோல் மூச்சுறுப்பு நோயை உண்டாக்கும்.
* காலம்: முட்டையிடும் பருவத்துக்குச் சில வாரங்கள் முன்னரே அமைத்தால் பறவை அவ்விடத்துக்குப் பழகும். போலி முட்டை ஒன்றை வைப்பதும் உண்டு.

சில பெண்மயில்கள் தங்குகம்பில் இருந்தவாறே முட்டையிடும். எனவே கம்பின் கீழும் வைக்கோல் பரப்புதல் நன்று.

கோழியைக் கொண்டு அடைகாத்தல்

மயில் முட்டைகளைக் கோழிக்கு அடைவைப்பதும் வழக்கம். ஆயினும் கோழியின் குடற்புழுக்கள் வழியாகக் கருந்தலை நோய் மயில்குஞ்சுகளுக்குப் பரவக்கூடும்.

காங்கோ மயில்

1936 ஆம் ஆண்டில் சேம்சு சாப்பின் விவரித்த காங்கோ மயில் இதனின்றும் வேறுபட்டது. இது உயரமான இடத்தில் முட்டையிட விரும்புவதால், தரைக்கு மேலே மேடையோ பெட்டியோ பொருத்தப்படும். ஓர் ஈட்டில் பெரும்பாலும் 2 முதல் 4 முட்டைகளே இருக்கும்.

சட்ட நிலை

இந்திய மயில் 1963 ஆம் ஆண்டு முதல் இந்தியாவின் தேசியப் பறவையாகும். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972 இன் முதலாம் அட்டவணையில் இது இடம்பெற்றுள்ளது. ஆகவே இந்தியாவில் காட்டிலிருந்து மயிலைப் பிடிப்பதும் அதன் முட்டைகளை எடுப்பதும் குற்றமாகும். வயல்வெளியில் காணப்படும் மயில்கூட்டை அவ்விடத்திலேயே விட்டுவிட வேண்டும்.