ஒரே பெயரில் இரண்டு கோப்புகள்

கேரளப் பள்ளிகளுக்கு லினக்ஸ் புதிதல்ல. 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் சில ஆண்டுகளிலேயே கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. 2017இல் அது கைட் நிறுவனமானது. கைட் தரும் லினக்ஸ், உபுண்டுவை அடித்தளமாகக் கொண்டது. பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கமும், இடுக்கியின் மூணாறு, பீர்மேடு தோட்டப் பகுதிகளிலும் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் பழகுவதும் இதில்தான். நாளை இவர்கள் சர்வர் வேலைக்குப் போனால் பெரும்பாலும் மவுஸ் இருக்காது, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல்தான்.

டெர்மினலில் முதலில் பயப்பட வேண்டியது ஆர்.எம். என்ற அழிக்கும் கட்டளைக்கு. அழித்ததை மீட்க அங்கே குப்பைத்தொட்டி கிடையாது. பழைய லாக் கோப்புகளை நீக்க நட்சத்திரக் குறி, புள்ளி, ‘லாக்’ என்று தட்டும்போது, குறிக்கும் புள்ளிக்கும் நடுவே தவறி ஓர் இடைவெளி விட்டால், அந்த ஃபோல்டரின் மற்ற கோப்புகளும் சேர்ந்தே போகும். அதனால் அதே குறியை முதலில் எல்.எஸ். கட்டளைக்குக் கொடுங்கள். என்னென்ன கோப்புகள் சிக்குகின்றன என்று அது காட்டிவிடும். பட்டியல் சரியாக இருந்தால் மட்டும் ஆர்.எம்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பொதுவான லினக்ஸ் கையேடுகள் அதை அதிகம் பேசுவதில்லை. ‘கொழிஞ்சாம்பாறை’ என்பதிலுள்ள ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகச் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸோ பைட்டுகளைத்தான் பார்க்கிறது. யூ.டி.எஃப்-8 முறையில் முதல் வடிவம் 42 பைட், இரண்டாவது 45 பைட். ஆகவே ஒரே ஃபோல்டரில் ‘கொழிஞ்சாம்பாறை’ இரண்டு முறை நிற்கும். ஒன்றைத் திறந்தால் பழைய மதிப்பெண் பட்டியல், மற்றதில் புதியது. பழைய மேக் கணினிகள் பெயரைப் பிரித்தே சேமித்ததால், அங்கிருந்து நகலெடுத்து வந்த கோப்புகளில் இது நேரும்.

இரண்டையும் பிரித்தறிய எல்.எஸ். கட்டளையோடு ‘மைனஸ் ஐ’ சேர்த்தால் போதும். ஒவ்வொரு கோப்பின் அடையாள எண்ணான ஐனோடு எண்ணும் தெரியும். வேண்டிய எண்ணை ஃபைண்ட் கட்டளைக்குக் கொடுத்தால் அந்தக் கோப்பை மட்டும் பிடித்துப் பெயர் மாற்றலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால் கான்வ்எம்வி என்ற கருவி எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும். தனியாக அனுமதி கொடுக்கும்வரை அது எதையும் மாற்றாது, மாற்றப்போவதைக் காட்டும். நல்ல கருவிக்கு இதுவே இலக்கணம் என்பேன்.

நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளைக்கும் இதே வசதி உண்டு. ‘மைனஸ் என்’ சேர்த்தால் வெள்ளோட்டம் மட்டும் நடக்கும். மூல ஃபோல்டர் பெயரின் கடைசியில் சாய்கோடு போட்டால் உள்ளடக்கம் மட்டும் போகும். போடாவிட்டால் ஃபோல்டரே போய் உட்காரும். டெலீட் என்ற தேர்வையும் சேர்க்கிறீர்கள் என்றால் வெள்ளோட்டம் பார்க்காமல் ஓட்டவே கூடாது.

இரட்டைப் பெயர்ச் சிக்கலுக்குப் பயந்து ஆங்கிலப் பெயருக்கு ஓடவேண்டாம். ஒரு கோப்புப் பெயருக்கு லினக்ஸ் தரும் 255 பைட்டில் 85 தமிழ் யூனிகோடு குறிகள் கொள்ளும், அது தாராளம். பள்ளியில் எல்லோரும் ஒரே தமிழ் விசைப்பலகையைப் பயன்படுத்துங்கள். பெயரைத் தமிழிலேயே வையுங்கள்.