மீன் இதயத்தின் ஏற்பிகள்

நெகிரி செம்பிலானில் உள்ள சுவா போன்ற தோட்டப்புறங்களில், வெயில் காலத்தில் கால்வாய் நீர் குறைந்து சூடேறும். அந்த நீரிலும் ஹாருவான் எனப்படும் விரால் மீன் பிழைத்துக்கொள்ளும். நீர்மட்டத்துக்கு வந்து காற்றைச் சுவாசிக்க அதனால் இயலும். பெரும்பாலான மீன்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைகிறது. மீனின் உடலுக்கோ அது கூடுதலாகத் தேவைப்படுகிறது. இந்நெருக்கடியில் பெரிதும் திணறுவது இதயம்.

மனித இதயத்தில் 4 அறைகள் உள்ளன. மீனின் இதயத்தில் குருதியை வாங்க ஒரு மேலறையும் அதைச் செலுத்த ஒரு கீழறையும் மட்டுமே முதன்மையானவை. உடல் முழுவதும் ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் குருதிதான் இதயத்தின் வழியே செவுள்களுக்குப் போகிறது. பல மீன்களில் இதயத் தசை அந்தக் குருதியில் எஞ்சியுள்ள ஆக்சிஜனையே நம்பியிருக்கிறது. ஊருக்கெல்லாம் பரிமாறிவிட்டுப் பானையின் அடியில் மிஞ்சியதை உண்பவரின் நிலைதான் அதற்கு!

இத்தகைய வேளையில் அட்ரினலின் என்னும் ஹார்மோன் குருதியில் கலக்கிறது. இதயத் தசையின் உயிரணுக்களில் ஏற்பிகள் எனப்படும் புரதங்கள் உள்ளன. பூட்டில் சாவி பொருந்துவதுபோல் அட்ரினலின் அவற்றோடு பொருந்துகிறது. உடனே உயிரணுவுக்குள் கால்சியம் கூடுதலாக நுழைகிறது. தசை வலுவாகச் சுருங்குகிறது. ஏற்பிகள் குறைவாக இருந்தால், ஹார்மோன் எவ்வளவு சுரந்தாலும் இதயத்துக்கு அச்செய்தி சரிவர எட்டாது.

இதே வகை ஏற்பிகள் மனித இதயத்திலும் உண்டு. அவற்றை அடைத்து இதயத்தின் வேலைப்பளுவைக் குறைக்கும் புரோப்பிரனலால் என்னும் மருந்தை 1960களில் உருவாக்கியவர் ஜேம்ஸ் பிளாக். 1988இல் நோபல் பரிசு பெற்ற அவர், இளமையில் சிங்கப்பூரில் விரிவுரையாளராகப் பணியாற்றியவர் என்பது நம் வட்டாரத்தார் பலர் அறியாத செய்தி.

மீன்களிடையே இந்த ஏற்பிகளின் எண்ணிக்கை எவ்வளவு முக்கியம் என்பதைக் கனடாவின் ஃபிரேசர் ஆறு காட்டுகிறது. சாக்கை சால்மன் மீன்கள் கடலிலிருந்து அந்த ஆற்றை எதிர்த்து நீந்திச் சென்று முட்டையிடுகின்றன. சில்கோ ஏரிக்குச் செல்லும் கூட்டம் 600 கிலோமீட்டருக்கும் மேல் நீந்த வேண்டும். வழியில் இரை உண்பதும் இல்லை. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நெச்சாக்கோ ஆற்றுக் கூட்டத்தைவிடச் சில்கோ மீன்களின் இதயத்தில் அட்ரினலின் ஏற்பிகள் செறிந்திருப்பதைக் கண்டறிந்தது. சில்கோ மீன்கள் வெப்பத்தையும் நன்கு தாங்கின. ஃபிரேசர் ஆற்றின் கோடைகால வெப்பநிலையோ 1950களிலிருந்து ஏறக்குறைய 2 பாகை செல்சியஸ் உயர்ந்துள்ளது. வெப்பத்தைத் தாங்கும் இதயம் இல்லாத கூட்டங்கள் முட்டையிடும் இடத்தை அடையுமுன்பே மடிய நேரிடலாம்.