ஒரு எந்திரம், ஒரு மணி நேரம்

கணக்கோடு பழகுவோம் – 11

ஐந்து எந்திரங்கள் ஐந்து நிமிடத்தில் ஐந்து பொருள்களைச் செய்கின்றன. அப்படியானால் நூறு எந்திரங்கள் நூறு பொருள்களைச் செய்ய எத்தனை நிமிடம் ஆகும்?

பலருக்கும் முதலில் வாயில் வருவது நூறு. எம்.ஐ.டி.யில் இருந்த ஷேன் ஃபிரெடெரிக் 2005-இல் வெளியிட்ட மூன்று கேள்விகளில் இதுவும் ஒன்று. அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள், அவற்றுக்கு விடை எழுதினார்கள். மூன்றும் சரியாக எழுதியவர்கள் 17 விழுக்காடு. மூன்றையும் தவறவிட்டவர்கள் 33 விழுக்காடு. வகுத்தல் தெரியாமல் தவறியவர்கள் அல்ல இவர்கள். ஐந்து, ஐந்து, ஐந்து என்ற ஓசை அவர்களை நூறுக்கு இழுத்துப் போய்விட்டது.

விடை ஐந்து நிமிடம். எந்திரங்கள் அருகருகே நின்று தனித்தனியே ஓடுகின்றன. ஐந்து நிமிடம் முடியும்போது ஒவ்வொன்றும் ஒரு பொருளைச் செய்து முடித்திருக்கும். நூறு எந்திரங்கள் நின்றாலும் அதே ஐந்து நிமிடம்தான். ஆக, இந்த வகைக் கணக்கு எதுவானாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே: ஒரு எந்திரம் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு செய்யும்?

இனி ஓர் அச்சகத்துக்குப் போவோம். ஒரு நோட்டீஸ் ஆர்டரைப் பழைய எந்திரம் 6 மணி நேரத்தில் அடித்து முடிக்கும். புதியது 4 மணி நேரத்தில் முடிக்கும். இரண்டையும் சேர்த்து ஓட்டினால்? சிலர் கூட்டிப் பத்து என்பார்கள். சிலர் சராசரி எடுத்து ஐந்து என்பார்கள். புதியது தனியாகவே நாலு மணி நேரத்தில் முடித்துவிடும்போது, துணைக்கு இன்னொன்று வந்தபின் ஐந்து மணி நேரம் எப்படி ஆகும்?

நேரங்களைக் கூட்டக் கூடாது. வேகங்களைத்தான் கூட்ட வேண்டும். ஆர்டர் எத்தனை தாள் என்று கணக்கில் சொல்லவில்லையா? நாமே வைத்துக்கொள்ளலாம். 6-க்கும் 4-க்கும் மீ.சி.ம. 12, எனவே 12,000 தாள் என்று வைப்போம். பழையது மணிக்கு 2,000, புதியது 3,000, இரண்டும் சேர்ந்தால் 5,000. 12,000-ஐ 5,000-ஆல் வகுத்தால் 2.4 மணி, அதாவது 2 மணி 24 நிமிடம்.

கணக்குப் போடுவதற்கு முன்பே விடை எங்கே விழும் என்று கணித்துவிடவும் முடியும். இரண்டுமே புதிய எந்திரங்களாக இருந்தால் 2 மணி நேரம். இரண்டுமே பழையவையாக இருந்தால் 3 மணி நேரம். நம் விடை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும். தேர்வறையில் நான்கு விடைகளில் இரண்டு மூன்றை இந்த ஒரு யோசனையே தள்ளிவிடும்.

டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பவர்கள் ‘காலம் மற்றும் வேலை’ பகுதிக்கு, இரு நேரங்களின் பெருக்கலைக் கூட்டலால் வகுக்கும் சூத்திரத்தை மனப்பாடம் செய்கிறார்கள். சூத்திரம் சரிதான். ஆனால் கேள்வி கொஞ்சம் திரும்பினால் அது கைவிட்டுவிடும். ஒரு மணி நேரம் ஓடியதும் புதிய எந்திரம் பழுதாகி நின்றுவிட்டது என்று வையுங்கள். அதற்குள் 5,000 தாள் முடிந்துவிட்டது, மீதி 7,000. பழையது மணிக்கு 2,000 அடிக்கும். எனவே இன்னும் மூன்றரை மணி நேரம். மணிக்கு எவ்வளவு என்று பிடித்தவருக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமே இல்லை. பிள்ளைகளுக்குச் சூத்திரத்தை இதன் பிறகுதான் காட்ட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

எந்திரங்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த வழி இருந்தது. 1150-இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் ஒரு குளத்துக் கணக்கு உண்டு. நான்கு ஊற்றுகள் தனித்தனியே அதை ஒரு நாளிலும், அரை நாளிலும், மூன்றில் ஒரு பங்கு நாளிலும், ஆறில் ஒரு பங்கு நாளிலும் நிரப்பும். நான்கையும் ஒன்றாகத் திறந்தால்? ஒரு நாளில் அவை நிரப்பக்கூடியவை 1, 2, 3, 6 குளங்கள், மொத்தம் 12. ஒரு குளத்துக்கு நாளில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். நாளுக்கு 60 நாழிகை என்றால் 5 நாழிகை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வேகங்களைக் கூட்டுவது, எந்திரங்கள் ஒரே வேலையை அருகருகே செய்யும்போது மட்டும்தான் செல்லும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிங்கிலிருந்து மணிக்கு 300 பீஸ் வருகிறது, ஓவர்லாக் 120 தைக்கிறது, அயர்ன் 200 தேய்க்கிறது என்று வைப்போம். இங்கே 620 என்று கூட்டினால் அதற்குப் பொருளே இல்லை. ஒன்று முடித்ததைத்தான் அடுத்தது எடுக்க முடியும். ஆகவே வெளியே போவது மணிக்கு 120. முதலாளி அதே வேகத்தில் இன்னொரு ஓவர்லாக் வாங்கிப் போடுகிறார். தைப்பது 240 ஆகிவிடும். ஆனால் வெளியே போவது 200தான். இப்போது தடை அயர்ன் மேசைக்கு வந்துவிட்டது. அடுத்த பணத்தை அவர் எங்கே போட வேண்டும், எவ்வளவு வரை போடலாம் என்பதை அடுத்த வாரம் கணக்கிடுவோம்.