தொழிலும் உயிர்க்காப்பும்

உழைப்பின்றி உலகம் இயங்காது. ஆயினும் உழைப்பதற்காக உயிரையும் உடல்நலத்தையும் இழத்தல் எவர்க்கும் கடமையன்று. கொழும்புத்துறைக் கரையிற் கடற்றொழில் செய்வோரும், பனையேறிச் சீவுவோரும், தோட்டங்களிற் பூச்சிமருந்து தெளிப்போரும் நாள்தோறும் இடரோடு பழகுகின்றனர். தீங்கு நேர்ந்தவிடத்து விதியென்று கூறி அமைதல் நம்மவர் வழக்கம். ஐரோப்பிய நாட்டினர் இவ்வழக்கத்தினின்றும் நீங்கியவாற்றை ஈண்டு ஆராய்வாம்.

இத்தாலிய மருத்துவரான பேர்னார்டினோ ரமற்சினி என்பார் தொழிலாளரைப் பற்றும் நோய்களைக் குறித்து 1700ஆம் ஆண்டில் தனிநூலொன்று வெளியிட்டார். நோயாளியின் நோயை வினவும் மருத்துவர் அவர்தம் தொழிலையும் வினவுதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1775இல் இலண்டன் மருத்துவர் பேர்சிவல் பொட், புகைபோக்கி துடைப்போர்க்கு வரும் புற்றுநோய்க்குப் புகைக்கரியே ஏதுவென்று காட்டினார். தொழிலால் நோய் வருமெனின், தொழில் செய்யும் முறையைத் திருத்தி நோயைத் தடுக்கலாம் என்பது இதனாற் புலனாயிற்று. 1833ஆம் ஆண்டின் பிரித்தானியத் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளைப் பார்வையிட அரசாங்கப் பரிசோதகரை நியமித்தது.

இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்துறைக்கு அடிப்படையாயிருப்பது 1989ஆம் ஆண்டு யூன் 12ஆம் நாள் ஏற்கப்பட்ட நெறிமுறைச் சட்டமாகும். தொழிலாளரின் காப்புக்கு முதலாளியே பொறுப்பாளி. அதன் செலவைத் தொழிலாளர்மேற் சுமத்தலாகாது. கடும் இடர் நெருங்கியவிடத்து வேலைத்தலத்தை விட்டகலும் தொழிலாளர் தண்டிக்கப்படலாகாது என்பன அதன்கண் உள்ள விதிகளுட் சில. இத்துறைக்கென 1994இல் நிறுவப்பட்ட ஐரோப்பிய முகவரகம் ஸ்பானிய நாட்டுப் பில்பாவோ நகரில் இயங்குகின்றது.

அச்சட்டம் கூறும் தடுப்புமுறையில் ஓர் ஒழுங்குண்டு. இடரைத் தவிர்க்க இயலுமாயின் முதலில் தவிர்த்தல் வேண்டும். தவிர்க்க இயலாததை அளந்தறிந்து, அது பிறக்குமிடத்திலேயே தடுத்தல் வேண்டும். கொடியதை நீக்கிக் கொடுமை குறைந்ததை வைத்தல் வேண்டும். தனியொருவர்க்கான காப்பினும் அனைவர்க்கும் பொதுவான காப்பே முந்துதல் வேண்டும்.

பூச்சிமருந்தை எடுத்துக்கொள்வாம். நஞ்சின்றியே பூச்சியை அடக்க வழியுண்டா என்பது முதல் வினா. இல்லையெனின், கொடுமை குறைந்த மருந்துண்டா என்பது அடுத்தது. இலங்கை அரசு 1995இல் மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் ஆகியவற்றையும் 1998இல் என்டோசல்பானையும் தடைசெய்தமை இம்முறையைத் தழுவியதே. கையுறையும் முகமூடியும் இறுதி அரண்கள். நம்மவரிற் பலர் அவற்றையும் இன்றி, காற்றுக்கு எதிர்நின்று தெளிக்கின்றனர்! பனைத்தொழிலில் உயரத்தைத் தவிர்த்தல் அரிது. ஆயினும் நாள்தோறும் தளைநாரைச் சோதித்தலும், மழையில் நனைந்த மரத்தில் ஏறாதிருத்தலும், இடுப்பிற் காப்புக்கயிறு பூணுதலும் இயலாதன அல்ல.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டமும், 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டமும் உள. முன்னையது தீங்கு நேர்ந்தபின் ஈடு செய்வது. பின்னையது தொழிற்சாலைகளுக்கு உரியது. தோட்டமும் பனங்கூடலும் கடலும் தொழிற்சாலையாகா. ஆகவே ஆங்கு உழைப்போரின் காப்பு பெரும்பாலும் அவரவர் அறிவையும், வேலை கொள்வோரின் மனச்சான்றையுமே சார்ந்துள்ளது.

பழைய மாணவருட் பலர் இன்று பிரான்சு, ஜேர்மனி முதலிய நாடுகளில் இச்சட்டங்களின் நிழலிலே தொழில் புரிகின்றனர். அவர் ஊருக்கு வரும்போது, தம் காணியிலும் வீடு கட்டுமிடத்திலும் வேலை செய்வோர்க்கு அதே காப்பை அளித்தல் முறையன்றோ? சாரத்தின்மேல் நிற்பவர் விழுந்தால் தாங்குவது யாது, மின்கம்பி பழுதின்றி உளதா, மருந்து தெளிப்பவரிடம் கையுறை உண்டா என்று வேலை தொடங்குமுன் வினவுக. மாணவரும் தத்தம் இல்லங்களில் இவ்வினாக்களை எழுப்புக. வெள்ளம் வருமுன் அணை கோலுதல் நம் முன்னோர் கூறிய அறிவே. அதனைத் தொழிற்களத்திலும் கைக்கொள்வோமாக.