ஆகாசத்திலிருந்து அம்மா வீடு

ரயில்வே பிளாட்பாரத்துப் பெஞ்சியில் தூங்கிப் போன ஒரு சிறுவனிடமிருந்து ஆரம்பிக்கிறேன். தொடர்கதையில் இப்படி ஒரு சம்பவம் வந்தால், "இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று நீங்களே கேட்பீர்கள். ஆனால் இது நடந்த சமாசாரம்.

மத்தியப் பிரதேசத்திலே கண்ட்வா என்று ஓர் ஊர். அங்கே ஓர் ஏழைத் தாய், கட்டட வேலையில் கல் சுமந்து தன் குழந்தைகளைக் காப்பாற்றி வந்தாள். 1986-ம் வருஷம் ஒரு நாள், அவளுடைய ஐந்து வயது மகன் அண்ணனுடன் ரயிலேறிப் புர்ஹான்பூருக்குப் போனான். போய்ச் சேருவதற்குள் குழந்தைக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. அவனைப் பெஞ்சியில் விட்டுவிட்டு, சீக்கிரம் வந்துவிடுவதாகச் சொல்லி அண்ணன் போனான். விழித்துப் பார்த்தால் அண்ணனைக் காணோம். எதிரே ஒரு ரயில் நின்றது. அண்ணன் அதில்தான் இருப்பான் என்று நினைத்து ஏறினான், தேடினான், மறுபடியும் தூங்கிவிட்டான்.

கண் விழித்தபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியிலே வேறு ஒரு ஜீவன் இல்லை. கடைசியாக அது போய் நின்ற இடம், கல்கத்தாவின் ஹௌரா ஸ்டேஷன். வீட்டிலிருந்து சுமார் 1,500 கிலோமீட்டர்!

"எந்த ஊரப்பா நீ?" என்று கேட்டவர்களுக்கு அவன் மழலையில் சொன்ன பெயர்கள் புரியவில்லை. சில வாரம் தெருவில் அலைந்தான். பிறகு சிறுவர் இல்லம். அங்கிருந்து 1987-ல், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாஸ்மேனியாத் தீவுக்கு ஸ்வீகாரம் போனான். சூ, ஜான் பிரையர்லி என்ற தம்பதிகள் அவனைப் பெற்ற பிள்ளையாகவே வளர்த்தார்கள். 'ஷேரு' என்ற பெயர் 'சாரூ' ஆயிற்று. தாய்மொழி மறந்து போயிற்று.

மறக்காத விஷயங்கள் சில உண்டு. ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. தண்டவாளத்துக்கு மேலே ஒரு பாலம். குளித்து விளையாடிய ஆற்றங்கரை. அங்கிருந்து வீட்டுக்குப் போகும் சந்துகள். இந்த நாலைந்து ஞாபகங்களைத் தவிர சாரூவின் கையில் வேறு விலாசம் இல்லை. அவர் வாலிபரான பிறகு, அந்த விலாசத்தைப் படிக்க ஒரு சாதனம் கிடைத்தது: கம்ப்யூட்டர் திரைக்குள் சுழலும் பூகோள உருண்டை!

சாவித் துவாரம்

பள்ளிக்கூடத்தில் டீச்சர் மேஜைமேல் இருந்த உருண்டை உங்களுக்கு நினைவிருக்கும். விரலால் தட்டினால் சுற்றும். நம் ஊரைத் தேடினால் மட்டும் கிடைக்காது. 'கூகுள் எர்த்' என்ற இந்தத் திரை உருண்டையோ, கிட்டே போகப் போக விரிகிறது. முதலில் தேசம், பிறகு ஜில்லா, பிறகு ஆறு, தெரு, கடைசியில் மொட்டை மாடி. யார் வீட்டு மாடியில் எத்தனை வடகம் காய்கிறது என்பது தெரிவதில்லை. அந்த மட்டில் க்ஷேமம்!

இதைப் பெற்றெடுத்தது வேறொரு தாய். 'கீஹோல்' என்ற சிறிய அமெரிக்கக் கம்பெனி, 2001-ல் இதை வேறு பெயரில் தயாரித்து விற்றது. கீஹோல் என்றால் சாவித் துவாரம். அமெரிக்காவின் பழைய வேவு செயற்கைக்கோள்களுக்கு வழங்கிய பெயர் அது. 2003-ல் இராக் யுத்தம் மூண்டபோது, டெலிவிஷன் செய்திகளில் இந்த உருண்டையைச் சுழற்றிக் காட்டினார்கள், பெயர் பரவியது. 2004 அக்டோபரில் கூகுள் அந்தக் கம்பெனியை விலைக்கு வாங்கி, 2005 ஜூனில் கூகுள் எர்த்தை வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம் என்று ஆயிற்று.

சாவித் துவாரம் எல்லோருக்கும் திறந்தால் கவலையும் பிறக்கத்தானே செய்யும்? அப்போது ராஷ்டிரபதியாக இருந்த டாக்டர் அப்துல் கலாம், இவ்வளவு துல்லியமான படங்கள் பயங்கரவாதிகளுக்கு உதவக்கூடும் என்று 2005-லேயே எச்சரித்தார்.

ஒட்டுப் போட்ட உலகம்

"வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து கிளம்பிவிட்டாரா என்று இதில் பார்க்கலாமா?" என்று ஒரு சகோதரி கேட்கலாம். முடியாது, அம்மா! திரையில் தெரிவது இந்த நிமிஷத்துக் காட்சி அல்ல. செயற்கைக்கோள்களும் விமானங்களும் வெவ்வேறு நாட்களில் எடுத்த எண்ணற்ற படங்களைத் துண்டு துண்டாகச் சேர்த்து, பழம்புடைவைகளில் மெத்தை தைப்பது போல ஒட்டியிருக்கிறார்கள். ஒரு தெரு போன வருஷத்தது; அடுத்த தெரு அதற்கும் முந்தியது. நீங்கள் போன மாதம் கட்டிய மாடி அறை அதில் இல்லையென்றால் வருத்தப்படாதீர்கள்.

மேடு பள்ளம் தெரிகிறதே, அது எப்படி? 2000 பிப்ரவரியில் 'எண்டெவர்' விண்கலம் பதினொரு நாள் பூமியைச் சுற்றி, ராடார் அலைகளைக் கொண்டு நிலத்தின் பெரும்பகுதியை அளந்தது. அந்த அளவுகளின் மேல் படங்களைப் போர்த்தினால், மலை மலையாக எழுந்து நிற்கிறது.

2009-ல் இன்னொரு வசதியும் வந்தது. பழைய படங்களையும் புரட்டிப் பார்க்கலாம். மத்திய ஆசியாவின் ஆரல் கடலைத் தேடிப் பாருங்கள். அதில் விழுந்த இரண்டு பெரிய ஆறுகளின் தண்ணீரைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பிவிட்டார்கள். வருஷத்துக்கு வருஷம் கடல் சுருங்கி, கரையிருந்த இடம் மணற்காடாகும் சோகத்தை, உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துவிடலாம்.

இறங்கி நடந்தவர்கள்

பார்ப்பதோடு நிற்காமல் புறப்பட்டுப் போனவர்களும் உண்டு. 2005-ல் ஜூலியன் பேலிஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி, ஆப்பிரிக்காவில் மொஸாம்பிக் நாட்டு மலைகளை இந்தத் திரையில் மேய்ந்துகொண்டிருந்தார். மாபு மலையில் அடர்ந்த பச்சை கண்ணில் பட்டது. விஞ்ஞானிகளின் ஏடுகளில் அப்படியொரு காடே இல்லை! நேரில் போய்ப் பார்த்தார். 2008-ல் பெரிய குழுவே போயிற்று. அதுவரை பெயரிடப்படாத வண்ணத்துப் பூச்சிகளும், ஒரு குட்டிப் பச்சோந்தியும் அகப்பட்டன. ஆனால் அக்கம்பக்கத்து ஜனங்களுக்கு அது புதுக் காடே அல்ல. உள்நாட்டு யுத்தத்தின்போது அதற்குள் ஒளிந்து உயிர் பிழைத்தவர்கள் அவர்கள்.

அதே 2008-ல் தென்னாப்பிரிக்காவில் லீ பெர்கர் என்ற ஆராய்ச்சியாளர், திரையில் குகைகளின் அடையாளங்களைக் குறித்துக்கொண்டு காடுமேடாக நடந்தார். ஆகஸ்டு 15-ம் தேதி மலாப்பா என்ற இடத்துக்கு ஒன்பது வயது மகனையும் அழைத்துப் போயிருந்தார். பையன் ஒரு கல்லை எடுத்துவந்து காட்டினான். அதற்குள்ளே ஓர் எலும்பு! ஏறத்தாழ இருபது லட்சம் வருஷங்களுக்கு முன் வாழ்ந்த, மனிதனுக்குத் தாயாதி முறையாகும் ஓர் இனத்தின் எலும்பு அது. அப்பா இடத்தைக் கண்டார். கல்லைக் குனிந்து எடுத்தவன் பிள்ளை.

செவ்வாயில் வாய்க்கால்

2009-ல் செவ்வாய் கிரகமும் சந்திரனும் இந்த உருண்டைப் பட்டியலில் சேர்ந்தன. செவ்வாய் தோஷத்துக்குப் பரிகாரம் தேடுகிறவர்கள், அந்தக் கிரகத்தையே ஒரு முறை பிரதட்சிணம் செய்துவிட்டு வரலாம்! அங்கே ஒலிம்பஸ் என்ற எரிமலை இருக்கிறது. உயரம் சுமார் 22 கிலோமீட்டர், எவரெஸ்டைப் போல் இரண்டரை மடங்கு. ஒரு பள்ளத்தாக்கின் நீளமோ சுமார் 4,000 கிலோமீட்டர்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் காலத்து வானசாஸ்திரிகள் வரைந்த செவ்வாய்ப் படங்களையும் அதில் சேர்த்திருந்தார்கள். 1877-ல் இத்தாலிய நிபுணர் ஷியாபரெல்லி தம் தொலைநோக்கியில் நீளநீளமான கோடுகளைக் கண்டார். பின்னால் அமெரிக்கர் பெர்ஸிவல் லோவெல், அவை செவ்வாய்வாசிகள் வெட்டிய வாய்க்கால்கள் என்றே சாதித்தார். படம் படமாக வரைந்தார். புத்தகம் புத்தகமாக எழுதினார். 1965-ல் 'மாரினர் 4' விண்கலம் கிட்டே போய்ப் படமெடுத்தது. வாய்க்காலும் இல்லை, வயலும் இல்லை. பள்ளம் விழுந்த வறட்டு நிலம்!

தூரத்திலிருந்து பார்க்கும் கண், மனம் சொல்வதைத்தான் பார்க்கிறது. அது நிஜமா என்று கிட்டே போனால்தான் தெரியும். சாரூவின் நிலையும் இதுதான். தண்ணீர்த் தொட்டியும் பாலமும் இந்தியாவில் எத்தனை ஸ்டேஷன்களில் இல்லை?

மறுபடியும் கண்ட்வா

ரயிலில் எத்தனை மணி நேரம் இருந்திருப்போம், அந்தக் காலத்து ரயில் என்ன வேகம் போயிருக்கும் என்று சாரூ கணக்குப் போட்டார். கல்கத்தாவிலிருந்து பிரியும் ஒவ்வொரு தண்டவாளத்தையும் இரவு இரவாகத் திரையில் பின்தொடர்ந்தார். 2011-ல் ஒரு நாள் அந்தத் தொட்டி தெரிந்தது, பாலமும் தெரிந்தது. அங்கிருந்து தண்டவாளத்தோடு நகர்ந்தால் கண்ட்வா! ஆற்றங்கரை தெரிந்தது, வீட்டுக்குப் போகும் வழியும் தெரிந்தது.

2012-ல் நேரில் போனார். பழைய வீட்டுக் கதவு பூட்டிக் கிடந்தது. ஆகாசத்துப் படத்தில் கூரை தெரிந்ததே தவிர, பூட்டு தெரியவில்லையே! ஒரு கணம் எல்லாம் முடிந்து போனதாகத் தோன்றியது. அக்கம்பக்கத்தார் கூடினார்கள். ஒருவர் அவரைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனார். அங்கே மூன்று ஸ்திரீகள் நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் நின்றவள்தான் தாய்.

அண்ணன் அதே 1986-ல் ரயிலில் அடிபட்டு இறந்துபோன செய்தி அப்போதுதான் தம்பிக்குத் தெரிந்தது. ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய், அந்தப் பேட்டையை விட்டுப் போகவில்லை. காணாமற் போனவன் என்றாவது தேடி வந்தால் இங்கேதானே வருவான் என்று, கால் நூற்றாண்டாக அங்கேயே இருந்தாள். படம் எடுத்தது செயற்கைக்கோள், தேடியது பிள்ளை, இடம் மாறாமல் காத்திருந்தது அவள். இதில் ஒன்று குறைந்திருந்தாலும் காரியம் கைகூடியிராது.

உங்கள் வீட்டில் பாட்டி இருக்கிறாளா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழந்தைகளோடு அவளையும் திரைக்கு முன் உட்கார வையுங்கள். அவள் பிறந்த ஊரைத் தேடுங்கள். கிணறு எந்தப் பக்கம், கோவில் குளத்துக்கு எந்தச் சந்து வழியாகப் போவாள் என்று கேளுங்கள். பட்டணத்துப் பேத்திக்குத் தெரியாத வழியெல்லாம் பாட்டியின் விரலுக்குத் தெரியும்.

பிறகு, தயவு செய்து, டிக்கெட் வாங்கி அவளை ஒரு தரம் ஊருக்கு அழைத்துப் போங்கள்.