சாலையோர மண் சுமக்கும் நஞ்சு



வண்டிகள் ஓயாது ஓடும் நகரச் சாலைகளின் ஓரத்தில் படியும் மண்ணை வெறும் தூசி என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் அந்த மண்ணில் ஈயம், துத்தநாகம், செம்பு, காட்மியம் போன்ற கன உலோகங்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துள்ளன.

எஞ்சினில் எழும் தட்டல் ஓசையைத் தடுக்க, 1923 முதல் பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலந்து விற்றார்கள். அந்த ஈயம் புகையோடு வெளியேறிச் சாலையோரத்தில் படிந்தது. இந்தியாவில் 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா 2021-இல் ஈயப் பெட்ரோலைக் கைவிட்டது. புகையில் ஈயம் நின்றுவிட்டது. ஆனால் மண்ணில் விழுந்த ஈயம் அப்படியே இருக்கிறது. ஏன்?

இலைதழைகள் மக்கிப்போகும். உலோகம் மக்காது. களிமண்ணும் மட்கும் ஈயத்தை இறுகப் பற்றிக்கொள்வதால், மழையும் அதை எளிதில் கரைத்துச் செல்வதில்லை. மேல்மண்ணிலேயே அது தங்கிவிடுகிறது. இதோடு, டயர் தேயும்போது துத்தநாகமும், பிரேக் தேயும்போது செம்பும் இன்றும் உதிர்கின்றன. மின்சார வண்டிக்கும் டயர் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

இதனால் அதிகம் பாதிக்கப்படுவது யார்? மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் குழந்தைகளே. உட்கொள்ளும் ஈயத்தைப் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாகச் சிறு குழந்தைகளின் உடல் உறிஞ்சுகிறது. அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது; எலும்பிலும் பல்லிலும் தங்குகிறது. இந்த அளவுவரை ஈயத்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நாம் என்ன செய்யலாம்? சாலையிலிருந்து விலக விலக உலோகத்தின் அளவு வேகமாகக் குறைகிறது. ஆகவே கீரைப் பாத்தியைச் சாலையை ஒட்டிப் போடாமல் உள்ளே தள்ளிப் போடுவோம். கீரை காட்மியத்தை வேர் வழியே எளிதில் ஈர்க்கும். ஈயமோ பெரும்பாலும் தூசியாக இலைமேல் ஒட்டும். கழுவினால் தூசி போகும், உள்ளே ஏறியது போகாது. நம் ஆலய வளாகத்திலும் பள்ளி மைதானத்திலும் சாலைப் பக்கம் அடர்ந்த வேலிச்செடி வளர்ப்போம். வெறும் மண் தெரியாதபடி புல் வளர்ப்போம். விளையாடி வரும் பிள்ளைகள் சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவப் பழக்குவோம்.

வண்டி ஓட்டியவர்கள் பெரியவர்கள். அந்த மண்ணில் விளையாடுவது குழந்தைகள். இதை மனதில் கொண்டு செயல்படுவோம்.