கம்பிச் சுருளுக்கு 300 டாலரா?

அமெரிக்காவில் 300 டாலருக்கு ஒரு மின்சார கிட்டார் வாங்கலாம். அதே 300 டாலருக்கு, அந்தக் கிட்டாருக்குள் பொருத்துகிற ஒரு ஜோடிச் சின்னச் சாமானும் விற்கிறது!

அதன் பெயர் "பிக்-அப்". தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். 20 டாலருக்கும் பிக்-அப் உண்டு. 100 டாலருக்கும் உண்டு. சிறு பட்டறைகளில் கையால் சுற்றியது என்றால் விலை இன்னும் ஏறும். பழைய காலத்துச் சரக்கு என்றாலோ ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள்.

கிட்டார் பழகும் பிள்ளைகள் இதற்காகப் பணம் சேர்க்கிறார்கள். வீட்டில் சண்டையும் நடக்கிறது. "கம்பிச் சுருளுக்கா இவ்வளவு பணம்?" என்று தகப்பனார் கேட்கிறார். "ஓசையே மாறிவிடும் அப்பா!" என்று மகன் சொல்கிறான். யார் சொல்வது சரி?

பலகை எப்படிப் பாடுகிறது?

சாதாரண கிட்டாருக்கு வயிறு உண்டு. வீணைக்குக் குடம் இருப்பது போல. தந்தி அதிர்ந்தால் வயிறும் அதிரும். ஓசை பெருகும்.

மின்சார கிட்டார் பெரும்பாலும் வெறும் பலகைதான். மீட்டினால் பக்கத்து அறைக்குக் கூடக் கேட்காது. அதன் குரல் பிக்-அப்பில் இருக்கிறது.

பிக்-அப்பில் ஒரு காந்தம் இருக்கும். அதைச் சுற்றிச் செம்புக் கம்பி. தலைமயிரைப் போல மெல்லிய கம்பி. தையல் மெஷின் பாபினில் நூல் சுற்றுகிறோம் அல்லவா? அதே மாதிரி ஆயிரக்கணக்கான சுற்றுகள். மேலே உருக்குத் தந்தி ஆடும்போது, கீழே சுருளில் மின்சாரம் பிறக்கிறது. இங்கிலாந்து விஞ்ஞானி பாரடே 1831-ல் கண்டுபிடித்த உண்மை இது. சைக்கிள் டைனமோவில் விளக்கு எரிவதும் இதே முறையில்தான். அந்தச் சிறு மின்சாரம் ஆம்பிளிபையருக்குப் போகிறது. அங்கே பெருகி, ஒலிபெருக்கியில் முழங்குகிறது.

முதன்முதலில் இப்படி ஒரு கிட்டார் 1931-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உருவாயிற்று. குதிரை லாடம் போன்ற காந்தம், அலுமினிய உடல். அதன் வட்ட வடிவத்தைப் பார்த்தவர்கள் "வாணலி" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்!

இரைச்சலை விரட்டியவர்

அந்தக் காலத்து பிக்-அப்பில் ஒரு தொல்லை இருந்தது. பாட்டோடு சேர்ந்து, மின்சார விளக்கு, கம்பிகளின் "உம்ம்" என்ற இரைச்சலையும் அது பிடித்துக்கொள்ளும்.

கலாமசூ நகரில் கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்த சேத் லவர் என்பவர் 1955-ல் வழி கண்டார். ஒரு சுருளுக்குப் பதில் இரண்டு சுருள். ஒன்றுக்கு ஒன்று எதிர்ப்புறமாக இணைத்தார். காந்த முனைகளையும் மாற்றி வைத்தார். இரண்டு சுருளிலும் வரும் இரைச்சல் ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டது. பாட்டு மட்டும் மிஞ்சியது!

1957 முதல் அது கிட்டார்களில் வந்தது. "காப்புரிமைக்கு மனுச் செய்யப்பட்டுள்ளது" என்று ஆங்கிலத்தில் அச்சடித்த சிறு சீட்டு அதன் அடியில் ஒட்டப்பட்டிருந்தது. அந்தச் சீட்டு உள்ள பிக்-அப்புக்குத்தான் இன்று அத்தனை மவுசு.

பின்னால் வந்த சீட்டில் காப்புரிமை எண்ணையே அச்சடித்தார்கள். அதிலும் ஒரு வேடிக்கை. அந்த எண் பிக்-அப்பின் எண்ணே அல்ல! தந்திகளைக் கட்டும் வேறொரு உறுப்பின் எண்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தப் பழைய பிக்-அப்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கவில்லை. ஒரு சுருளுக்குச் சுமார் 5,000 சுற்று என்பது கணக்கு. ஆனால் ஒன்றில் கூடும், ஒன்றில் குறையும். காந்தமும் கையில் அகப்பட்ட ரகம். ஆகவே சில பிரமாதமாக அமைந்தன. சில சுமாராக அமைந்தன. அன்று தற்செயலாக நேர்ந்த இந்த ஏற்றத்தாழ்வை, இன்று மெனக்கெட்டு அளந்து, அப்படியே செய்து, அதிக விலைக்கு விற்கிறார்கள்!

கையெழுத்துக்கு விலை

இந்தத் தொழிலில் புகழ் பெற்றவர்களில் ஒரு பெண்மணியும் உண்டு. பெயர் அபிகெயில் இபாரா. 1956-ல் கலிபோர்னியாவில் உள்ள பெண்டர் கிட்டார் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். மெஷின் சுருளைச் சுழற்றும். அவர் விரலால் கம்பியை நடத்திக் கொடுப்பார். கொஞ்சம் இறுக்கினால் கம்பி அறுந்துவிடும். கொஞ்சம் தளர்த்தினால் சுருள் தொளதொளத்துவிடும். விரலுக்குத்தான் அந்தப் பதம் தெரியும்.

முடிந்ததும் அடியில் தம் பெயரின் முதல் எழுத்துக்களை எழுதுவார். பிற்காலத்தில் அந்த எழுத்துக்களைத் தேடிப் பிடித்து வாங்க ஆட்கள் வந்தார்கள். கம்பெனியும் அவர் சுற்றியவற்றைத் தனிச் சரக்காக விற்றது. 2013-ல் அவர் ஓய்வு பெற்றார்.

இப்படிப்பட்ட கைக்குக் கூலி கொடுப்பதை நான் குறை சொல்லமாட்டேன். சாமானுக்கு விலை சொற்பம், உழைப்புக்குத்தான் விலை. ஆனால் அந்த உழைப்பு காதுக்குத் தெரிகிறதா என்பது வேறு கேள்வி.

கண்ணை மறைத்தால்...

வயலின் உலகில் இதற்கு ஒரு சோதனை நடந்தது. 2010-ல் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு ஓட்டல் அறை. 21 தேர்ந்த வித்வான்கள். ஆறு வயலின்கள். மூன்று புதியவை. மூன்று பழையவை, அவற்றில் இரண்டு உலகப் புகழ் பெற்ற ஸ்ட்ராடிவாரியின் கைவேலை. விலை லட்சக்கணக்கான டாலர்!

வித்வான்களின் கண்களுக்குக் கறுப்புக் கண்ணாடி. பழைய மரத்தின் வாசனை காட்டிக் கொடுத்துவிடக் கூடாது என்று வயலினில் செண்டு கூடத் தடவினார்கள்! வாசித்துப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் புதிய வயலினையே விரும்பினார்கள். மிகவும் பிடிக்காமல் போனது ஒரு ஸ்ட்ராடிவாரி!

கிட்டார் வேறு, வயலின் வேறுதான். ஆனால் காது ஒன்றுதானே?

பணம் எங்கே வேலை செய்கிறது?

மட்டமான பிக்-அப்புக்கும் நல்ல பிக்-அப்புக்கும் வித்தியாசம் நிச்சயம் உண்டு. சுருளை உருக்கிய மெழுகில் தோய்த்து எடுப்பது நல்ல தயாரிப்பாளர் பலரின் வழக்கம். அப்படிக் கட்டுப்படாமல் கம்பி தளர்ந்திருந்தால், ஓசையைக் கூட்டும்போது "கீச்" என்று அலறும். அந்தக் கிட்டாரில் 100 டாலர் செலவழித்தால் வீண் போகாது. மகன் கட்சி இதுவரை சரி.

100 டாலரிலிருந்து 300-க்குப் போகும்போது வித்தியாசம் நூலிழையாகிறது. கையால் சுற்றினால் சுருளின் மின்தன்மை சிறிது மாறும், உண்மைதான். ஆனால் கிட்டாரிலிருந்து ஆம்பிளிபையருக்குப் போகும் ஒயரை நீளமாகப் போட்டால் அதைவிட அதிகமாக மாறும்! நீள ஒயரில் கூர்மையான ஓசை மழுங்கிவிடும். ஒலிபெருக்கியை மாற்றினால் கிட்டாரே மாறிய மாதிரி இருக்கும். இங்கே தகப்பனார் பக்கம்தான் என் ஓட்டு. பெரிய வித்வானுக்கு, அந்த நூலிழைக்காகவே சம்பளம் வாங்குகிறவருக்கு, கணக்கு வேறு.

வாங்குவதற்கு முன் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. பிக்-அப்பின் இருபுறமும் திருகாணி இருக்கும். ஸ்குரு டிரைவரால் அரைத் திருகு திருகுங்கள். பிக்-அப் தந்திக்கு அருகே வந்தால் ஓசை கனக்கும், விலகினால் தெளியும். பழைய தந்திகளையும் மாற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் மனம் ஒப்பாவிட்டால், நண்பர் ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். விலை கூடியது ஒன்று, குறைந்தது ஒன்று, மாற்றி மாற்றி. திரும்பி உட்கார்ந்துகொண்டு கேளுங்கள். எது எது என்று பத்துத் தடவை எழுதிப் பாருங்கள்.

அப்படியும் புதிது வாங்கினால், கழற்றிய பழைய பிக்-அப்பை எறிந்துவிடாதீர்கள். கிட்டாரை விற்கும் நாள் வந்தால், வாங்குகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார்.